பரிணாமம் போதும், ‘வளர்ச்சி’ வேண்டாம்: பாடநூல் ஆசிரியர்களுக்கும் கலைச்சொல் வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும், கலைச்சொல் வகுக்கும் அறிஞர்களுக்கும், தமிழில் அறிவியல் எழுதும் இதழாளர்களுக்கும்,

வணக்கம்.

உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறி, ஒன்றிலிருந்து பலவாகக் கிளைத்து வந்திருக்கும் வரலாற்றைக் குறிப்பதற்குத் தமிழில் ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. வகுப்பறைகளிலும், வினாத்தாள்களிலும், நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களிலும், ஆவணப்படங்களின் பின்னணிக் குரலிலும் இத்தொடரே ஒலிக்கிறது. தலைப்பில் ‘பரிணாமம்’ என்று சரியாகத் தொடங்கும் கட்டுரைகள்கூட ஓரிரு பத்திகளுக்குள் ‘பரிணாம வளர்ச்சி அடைந்தது’ என்ற வாக்கியத்துக்குள் நழுவிவிடுகின்றன. இந்த இணைச்சொல்லின் பின்பாதியாகிய ‘வளர்ச்சி’யை இனிவரும் நூல்களிலும் அகராதிகளிலும் கட்டுரைகளிலும் விட்டுவிட்டு, ‘பரிணாமம்’ என்று மட்டும் எழுத வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். இது சொல்லழகு பற்றிய வேண்டுகோள் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அந்த ஒரு சொல் கருத்தையே தலைகீழாகக் கற்பித்துவிடுகிறது என்பதே என் கவலை.

முதலில் அக்கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் வாழ்ந்து தமக்குள் இனம்பெருக்கும் ஓரின உயிர்களின் கூட்டத்தை இனக்கூட்டம் என்கிறோம். அதில் உள்ள உயிர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. அவற்றிடையே உள்ள வேறுபாடுகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்பவை. சடுதிமாற்றங்கள், அதாவது மரபணுக்களில் தற்செயலாக நேரும் மாற்றங்கள், புதிய வேறுபாடுகளைத் தந்துகொண்டே இருக்கின்றன. அப்போதைய சூழலில் எந்த வேறுபாட்டைக் கொண்டவை அதிகச் சந்ததிகளை விட்டுச்செல்கின்றனவோ, அந்த வேறுபாடு அடுத்த தலைமுறையில் கூடுதலாகக் காணப்படும்; இது இயற்கைத் தேர்வு. இதனோடு தற்செயலும் சேர்ந்து, தலைமுறைகள் செல்லச் செல்ல இனக்கூட்டத்தின் மரபுப் பண்புகளின் விகிதம் மாறுகிறது. அந்த மாற்றமே பரிணாமம். மாறுவது கூட்டம்; தனி உயிர் தான் பிறந்த மரபணுக்களோடுதான் வாழ்ந்து முடிகிறது. மாற்றத்துக்கு முன்கூட்டியே வகுத்த திசை கிடையாது, சென்றடைய வேண்டிய இலக்கும் கிடையாது.

இனி ‘வளர்ச்சி’ என்ற சொல் தமிழ் பேசும் ஒரு மாணவரின் காதில் எப்படி விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். குழந்தை வளர்கிறது, பயிர் வளர்கிறது, நிலவு வளர்பிறையில் வளர்கிறது என்கிறோம். இவற்றிலெல்லாம் ஒன்றே சிறிதாக இருந்து பெரிதாகிறது. பொருளாதார வளர்ச்சி, மொழி வளர்ச்சி, வளர்ந்த நாடு, வளரும் நாடு என்கிறோம். இவற்றிலெல்லாம் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்குச் செல்வது பேசப்படுகிறது. தமிழில் வளர்ச்சிக்கு இந்த இரண்டு பொருள்களுமே உயிருள்ளவை. அவ்விரண்டுமே பரிணாமத்துக்குப் பொருந்தாதவை. போதாக்குறைக்கு, உயிரியலில் ‘வளர்ச்சி’ தனியொரு கலைச்சொல்லாகவும் இருக்கிறது. விதை மரமாவதையும், கரு குழந்தையாவதையும் அதே பாடநூலின் வேறோர் இயலில் அச்சொல்லால்தான் விளக்குகிறோம். தனி உடலில் நிகழ்வதைக் குறிக்கும் கலைச்சொல்லை எடுத்து, தனி உடலில் நிகழவே முடியாத ஒன்றின் பெயரோடு ஒட்டிவைத்திருக்கிறோம்.

இதன் விளைவை எந்த ஆசிரியரும் அறிவார். “குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இன்றைக்கும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?” என்ற கேள்வி எழாத வகுப்பு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரைக் குறை சொல்ல இடமில்லை; நாம் கொடுத்த சொல்லிலிருந்து அவர் மிகச் சரியாகவே தருக்கம் செய்கிறார். வளர்ச்சி என்றால் விதை மரமான பின் விதை இருக்காது, குழந்தை பெரியவரான பின் குழந்தை இருக்காது. அப்படியானால் மனிதராக வளர்ந்துவிட்ட பின் குரங்கு எப்படி எஞ்சியிருக்கும்? மனிதரும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது முன்னோரின் இரு கிளைகள் என்பதை இதற்குப் பின் எவ்வளவு விளக்கினாலும், ‘வளர்ச்சி’ என்ற சொல் முன்னமே வரைந்து வைத்த படம் அழிவதில்லை. பங்காளி வீட்டாரைப் பார்த்து, “நீங்கள் ஏன் இன்னும் நாங்களாக ஆகவில்லை?” என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சி நமக்குப் பங்காளி; பாட்டனார் இல்லை. பங்காளி உறவை ஊருக்கு ஊர் நுணுக்கமாகக் கணக்குவைத்திருக்கும் ஒரு மக்களுக்கு இந்தக் கருத்து கடினமாக இருக்கவே நியாயமில்லை. அதைக் கடினமாக்கியது நம் கலைச்சொல்தான்.

திசை இல்லை என்று மேலே சொன்னதற்குக் கண்ணால் பார்த்து அளந்த சான்று ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலின் கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற அறிவியலாளர் இணையர் 1973 முதல் பல பத்தாண்டுகள் அங்குள்ள குருவிகளைப் பிடித்து, வளையமிட்டு, அலகுகளை அளந்துவந்தனர். 1977-இல் கடும் வறட்சி வந்தது. மென்மையான சிறு விதைகள் விரைவில் தீர்ந்துபோக, உடைக்கக் கடினமான பெரிய விதைகளே எஞ்சின. நடுத்தர அளவுள்ள தரைக்குருவிகளில் பெரும்பாலானவை மாண்டன. தடித்த அலகுடையவை கூடுதலாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளின் சராசரி அலகு முந்திய தலைமுறையினதைவிடத் தடித்திருந்தது. கதையை இத்துடன் நிறுத்திவிட்டால் இதையும் ‘வளர்ச்சி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் 1982-83-இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவின் விளைவாகத் தீவில் பெருமழை கொட்டியது. கொடிகளும் சிறு விதை தரும் செடிகளும் மண்டின. அடுத்துவந்த ஆண்டுகளில் சிறிய அலகுடைய குருவிகளே கூடுதலாகப் பிழைத்தன. முன்னர்ப் போன திசைக்கு நேர் எதிர்த் திசை. 1977-இல் நடந்தது வளர்ச்சி என்றால் இரண்டாவதாக நடந்ததைத் தேய்வு என்று சொல்ல வேண்டும். இரண்டுமே பரிணாமம்தான், இரண்டும் ஒரே விதிப்படி நடந்தவைதாம். வறண்ட தீவுக்கு அந்த அலகு, நனைந்த தீவுக்கு இந்த அலகு என்பதற்குமேல் அதில் ஏற்றத்தாழ்வு எதுவுமில்லை.

இழப்பும் பரிணாமமே என்பதை நம் பாடங்கள் போகிற போக்கில் மட்டுமே சொல்கின்றன. அது மிகவும் செழிப்பான பகுதி என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டுகிறேன். கேரளத்தின் செம்புரைக்கல் நிலத்தடியில் ஓடும் நீரில், ஹோராக்லேனிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு கெளுத்தி மீன்கள் வாழ்கின்றன. கிணறு வெட்டும்போதும் தூர்வாரும்போதுமே அவை மனிதர் கண்ணில் படுகின்றன. அவற்றின் முதல் இனத்தை அறிவியல் முறைப்படி விவரித்தது 1950-இல்தான். அவற்றுக்குக் கண்கள் இல்லை, தோலில் நிறமும் இல்லை. ஒளி புகாத இடத்தில் கண்ணைக் கட்டியெழுப்பிப் பேணுவது வீண்செலவு. கண்ணைக் கெடுக்கும் சடுதிமாற்றத்தை அங்கே இயற்கைத் தேர்வு களைவதுமில்லை. மெக்சிகோவின் குகை மீன்களில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம்: கண்ணுள்ள ஆற்று மீன்களும் கண்ணற்ற குகை மீன்களும் இன்றும் ஒன்றோடொன்று இனம்பெருக்கக்கூடிய அளவுக்கு நெருங்கியவை, குகை மீனின் கருவில் கண் உருவாகத் தொடங்கிப் பின்னர்ச் சிதைந்துபோகிறது. திமிங்கலங்களின் முன்னோர் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு கால்களால் நிலத்தில் நடந்தவை. பாகிஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் கிடைத்த புதைபடிவங்கள் அவை நீருக்குள் சென்ற வழியைப் படிப்படியாகக் காட்டுகின்றன. அவை பின்கால்களை இழந்தன. பாம்புகள் நான்கு கால்களையும் இழந்தன. நாடாப்புழு குடலையே இழந்து, தான் ஒட்டி வாழும் உயிரின் குடலில் செரித்த உணவைத் தன் உடலின் மேற்பரப்பால் உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணிழந்த மீனுக்கும் குடலிழந்த புழுவுக்கும் ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதிப் பாருங்கள். எழுதும் கையே தயங்கும்.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மொழிகளில் இப்பொருளுக்கு வழங்கும் ‘எவல்யூஷன்’ என்ற சொல், சுருளை விரித்தல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் வான் ஹாலர் என்ற சுவிட்சர்லாந்து உடலியலாளர் போன்றோர் அதைக் கருவியலில் பயன்படுத்தினர்: கருவுக்குள் முழு உருவமும் முன்பே சுருண்டு அடங்கியிருக்கிறது, பின்னர் அது விரிகிறது என்பது அவர்களது கொள்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெய்யியலாளர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், எளியது சிக்கலானதாக உயர்ந்துகொண்டே செல்லும் பேரண்ட முன்னேற்றம் என்ற பொருளில் அச்சொல்லைப் பரப்பினார். சார்லஸ் டார்வின் 1859 நவம்பரில் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தமது பெருநூலை வெளியிட்டபோது, அதன் முதற் பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. நூலின் கடைசிச் சொல்லாக அதன் வினை வடிவம் மட்டும் வருகிறது. ‘மாறுதலோடு கூடிய வழிவழித் தோன்றல்’ என்பதே அவர் விரும்பி ஆண்ட தொடர். சொல் ஊரெங்கும் பரவிவிட்ட பின், 1872-இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் அப்பெயர்ச்சொல்லை அந்நூலுக்குள் அனுமதித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஆல்ஃபியஸ் ஹயட்டுக்கு எழுதிய கடிதத்தில், முன்னேறிச் செல்லும் உள்ளார்ந்த இயல்பு எதுவும் உயிர்களுக்கு இல்லை என்ற முடிவைத் தம்மால் தவிர்க்க முடியவில்லை என்று குறிப்பிட்டார். அவர் எப்போதும் இவ்வளவு கறாராக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். தமது நூலின் இறுதிப் பகுதியில் உயிர்கள் நிறைவை நோக்கி முன்னேறும் என்ற பொருள்பட அவரும் எழுதியிருக்கிறார். அவர் காலத்தின் காற்று அப்படி. அந்தக் காற்றுக்கு எதிராக அவர் சொல்லில் காட்டிய கவனத்தில் ஒரு பங்கையாவது நாமும் காட்டலாம் என்பதே என் வாதம்.

இப்போது தமிழில் உள்ள மற்றச் சொற்களுக்கு வருகிறேன். இலங்கைப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்பது நிலைபெற்ற கலைச்சொல். சுருக்கமும் உறுதியும் உள்ள சொல் அது. தொல்காப்பியத்தின் உரியியல், “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்கிறது. முன்பே உள்ள ஒன்று மிகுவதையும் சிறப்பதையும் அச்சொல் உணர்த்தும் என்பது நூற்பாவின் கருத்து. ஆக, சிறத்தல் என்னும் நிழல் அதன் வேரிலும் உண்டு. ‘படிவளர்ச்சி’ என்பதில் ஏணிப்படியும் வளர்ச்சியும் ஒருசேர வந்துவிடுகின்றன. அதை நான் ஏற்க மாட்டேன். ‘படிமலர்ச்சி’ அழகான சொல்; ஆயினும் படியும் மலர்தலும் நிறைவை நோக்கிய நடையையே நினைவூட்டுகின்றன. ‘பரிணாமம்’ மட்டும் மாசற்றதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. இந்திய மெய்யியலில் பால் தயிராவதைப் பரிணாமத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அம்மெய்யியலின் ஒரு பிரிவினரான சாங்கியர்களின் பார்வையில் காரியம் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருந்து வெளிப்படுகிறது. சுருள் விரிதல் என்ற ஐரோப்பியக் கருத்துக்கு அது வெகு தொலைவில் இல்லை. அச்சொல்லுக்குப் பக்குவமடைதல் என்ற பொருளும் உண்டு.

பிறகு எதற்கு ‘வளர்ச்சி’யை மட்டும் குறிவைக்கிறாய் என்று கேட்டால், என் பதில் இதுதான்: சொல்லின் பிறப்பில் உள்ள பொருளைவிட, இன்று கேட்பவரின் மனத்தில் எழும் பொருளே கற்பித்தலுக்கு முக்கியம். ‘எண்ணெய்’ என்பது எள்ளின் நெய். ஆயினும் தேங்காய் எண்ணெய் என்றும் மண்ணெண்ணெய் என்றும் சொல்லும்போது எவருக்கும் எள் நினைவுக்கு வருவதில்லை. அந்த வேர் காய்ந்துவிட்டது, ஆகவே தீங்கு இல்லை. பரிணாமத்தின் சாங்கிய வேரும், கூர்ப்பின் தொல்காப்பிய வேரும் பெரும்பாலான மாணவர்களுக்கு அப்படித்தான். அச்சொற்கள் அவர்களிடம் வெற்றுக் கலங்களாகவே வந்துசேர்கின்றன, ஆசிரியர் ஊற்றும் பொருளை ஏந்திக்கொள்கின்றன. ‘வளர்ச்சி’ அத்தகையதன்று. அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டிலும் முழுப் பொருளோடு புழங்கும் சொல். அதை யாராலும் வெறுமையாக்கிக் கொடுக்க முடியாது. ஆகவே வடமொழி வேரா, தனித்தமிழா என்ற வழக்குக்குள் நான் செல்லவில்லை. கூர்ப்பு என்று எழுதுவோர் அப்படியே எழுதட்டும், பரிணாமம் என்று எழுதுவோர் அப்படியே எழுதட்டும். இரு தரப்பாரும் வளர்ச்சியை மட்டும் ஒட்டாதிருந்தால் போதும்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதை மதித்து விடை சொல்ல வேண்டும். நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்த உலகில் பின்னர்ப் பூச்சியும் யானையும் மனித மூளையும் தோன்றியிருக்கின்றனவே, இது வளர்ச்சி ஆகாதா என்பது அம்மறுப்பு. சிக்கலான உடலமைப்பு சில கிளைகளில் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் வாழ்க்கை மிக எளிய வடிவத்தில் தொடங்கியது. அதைவிட எளிதாவதற்கு இடமே இல்லாத இடத்திலிருந்து நாலா பக்கமும் பரவினால், சிலவாவது சிக்கலின் பக்கம் சென்றே தீரும். அதற்கு உந்துதலோ இலக்கோ தேவையில்லை. மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. நாடாப்புழுவைப் போன்றவை மீண்டும் எளிமையின் பக்கம் திரும்பின. எண்ணிக்கையாலும், வாழும் இடங்களின் விரிவாலும், வேதிவினைகளின் பல்வகைமையாலும் இன்றும் பாக்டீரியாக்களை மிஞ்சிய உயிர்கள் இல்லை. அவையும் நம்மைப் போலவே ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கும் மேலான பரிணாமத்தைக் கடந்தே இன்றைய நிலைக்கு வந்தவை. ‘கீழ்நிலை உயிரி’, ‘மேல்நிலை உயிரி’ என்ற அடைமொழிகள் இதனால்தான் பொருளற்றுப்போகின்றன. ஒரு செல் உயிரி, பல செல் உயிரி என்று எழுதினால் சொல்ல வேண்டியது முழுவதையும் சொல்லிவிடலாம்.

நம் இலக்கியத்திலிருந்து சான்று காட்டும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். டார்வினுக்கு முன்பே பரிணாமத்தைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று நிறுவ, தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பையும், சிவபுராணத்தின் “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி” என்ற அடிகளையும் எடுத்துக்காட்டும் கட்டுரைகள் பலவற்றை நீங்களும் படித்திருப்பீர்கள். மரபியல் செய்வது வகைப்பாடு: புலனறிவின் அடிப்படையில் உயிர்களைப் பகுத்தது மிகக் கூரிய நோக்கு; ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று அது சொல்லவில்லை. மாணிக்கவாசகர் பாடியது ஓர் உயிர் பல பிறவிகளில் பட்ட இளைப்பு. உடல்களின் வரலாறு அவர் பேசுபொருளே இல்லை. புல் முதலில் என்று அதைக் காலவரிசையாகக் கொள்வதும் பொருந்தாது. நிலத்தில் மிகவும் பிந்தி வந்த செடியினங்களில் ஒன்று புல், மீன்களோ அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தவை. அவ்விரு நூல்களின் பெருமை இத்தகைய ஒப்புமையால் கூடப்போவதில்லை. ஏன் இந்த ஒப்புமை நம்மை இவ்வளவு எளிதில் கவர்கிறது என்று கேட்டால், ‘பரிணாம வளர்ச்சி’ என்ற தொடர் படிப்படியாக உயரும் ஏணியை முன்பே மனத்தில் நட்டுவைத்திருக்கிறது; ஏணி போன்ற வரிசை எங்கே தென்பட்டாலும் இதுவே அது என்று தோன்றிவிடுகிறது.

ஏணி மனிதர்களிடையேயும் சாத்தப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் ஆங்கிலேய அரசு அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து, சாதிகளின் சமூகப் படிநிலை அதற்கேற்ப அமைந்திருப்பதாக வாதிட்டார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் மூக்கையும் தலையையும் அதே முறையில் அளந்தார். ‘தகுதியானவர்’களையே இனம்பெருக்க வைத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கையாகிய, 1883-இல் பிரான்சிஸ் கால்ட்டன் பெயர்சூட்டிய இனமேம்பாட்டியல், பிற்பாடு எத்தனை கொடுமைகளுக்கு அறிவியல் முகமூடி ஆனது என்பதை வரலாறு அறியும். இவற்றுக்கெல்லாம் ஒரு கலைச்சொல்தான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் வளர்ந்த இனம், வளராத இனம் என்ற பேச்சு நிற்பதற்கு, இயற்கையே வளர்ச்சியின் படிகளில் ஏறுகிறது என்ற நம்பிக்கை தேவைப்பட்டது. சாதியின் காயங்களை இன்னும் சுமக்கும் ஒரு சமூகத்தின் பாடநூல், அந்த நம்பிக்கைக்குத் துளியும் இடம் தரலாகாது.

மருத்துவத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பலனளிக்காமல் போகும்போது, ‘கிருமிக்கு மருந்து பழகிவிட்டது’ என்கிறோம். தனிக் கிருமி எதுவும் பழகுவதில்லை, வளர்ந்து திறமை பெறுவதும் இல்லை. மருந்தால் சாகாத ஒரு சில முன்பே இருந்தன அல்லது சடுதிமாற்றத்தால் தோன்றின. மற்றவை அழிந்த இடத்தை அவற்றின் சந்ததி நிரப்பிக்கொண்டது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் அம்மருந்தைப் பயன்படுத்தினால் இப்படி நேரும் என்று எச்சரித்தார். இந்த இயக்கத்தைப் புரிந்துகொண்டவருக்கு, மருத்துவர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கி விழுங்குவது ஏன் தவறு என்று தனியே உபதேசிக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் நம் இதழாளர்கள் ‘உருமாறிய வைரஸ்’ என்று எழுதியதை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். ஒரு தனி வைரஸ் தன் உருவை மாற்றிக்கொள்வதுபோல் ஒலிக்கிறது என்ற குறை அதில் இருந்தாலும், ‘வளர்ச்சி பெற்ற வைரஸ்’ என்று எவரும் எழுதவில்லை. அவசரத்தில் எழுதியபோதே அந்தச் சொல் பொருந்தாது என்று உங்கள் காது உங்களுக்குச் சொல்லிவிட்டது.

‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடரைப் பற்றி ஒரு பாராட்டும் ஒரு வேண்டுகோளும். ஸ்பென்சர் 1864-இல் உருவாக்கி, டார்வின் 1869-இல் தமது ஐந்தாம் பதிப்பில் ஏற்றுக்கொண்ட தொடரின் தமிழ் வடிவம் இது. சூழலுக்குத் தக்கது என்ற பொருளை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறது. அதை ‘வலியன வாழும்’ என்று மாற்றி எழுதுவோர் நல்ல சொல்லைக் கெடுக்கிறார்கள். கண்ணில்லாத கெளுத்தி வலியதன்று. தன் இருட்டுக்குத் தக்கது.

நாளிதழ்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ‘கதைக்குப் புதிய பரிணாமம் கொடுத்திருக்கிறார்’ என்று எழுதும்போது நீங்கள் சொல்ல வந்தது ‘பரிமாணம்’. நீளம், அகலம், உயரம் என்பவை பரிமாணங்கள். முப்பரிமாணம் என்ற சொல்லை எல்லாரும் அறிவர். இரண்டு எழுத்துகள் இடம் மாறுவதால், முன்பே சுமை ஏறியிருக்கும் ஒரு கலைச்சொல்லின் மேல் இன்னொரு பொருளும் ஏறிக்கொள்கிறது.

நடைமுறையில் நான் கேட்பவை பெரியவை அல்ல. ‘பரிணாம வளர்ச்சி’ என்று வரும் இடங்களில் பெயர்ச்சொல்லாகப் ‘பரிணாமம்’ என்றும், வினையாகப் ‘பரிணமித்தது’ என்றும் எழுதலாம். ‘பரிணாம வளர்ச்சிக் கோட்பாடு’ என்பது ‘பரிணாமக் கோட்பாடு’ என்று சுருங்கினால் மொழிக்கும் நன்மையே. அந்த வினைக்கு எழுவாயாகத் தனி விலங்கை வைக்காமல் இனத்தையோ இனக்கூட்டத்தையோ வையுங்கள். ‘ஒட்டகச்சிவிங்கி உயரத்து இலைகளை எட்டுவதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டது’ என்ற வாக்கியத்தை, ‘நீண்ட கழுத்துடையவை கூடுதலாகச் சந்ததி பெற்றதால், தலைமுறைகள் செல்லச் செல்ல ஒட்டகச்சிவிங்கிகளின் கழுத்து நீண்டது’ என்று திருத்தினால் நீளம் சற்றுக் கூடும். அந்த நீளத்துக்குள்தான் முழுக் கோட்பாடும் இருக்கிறது. கலைச்சொல் அகராதிகளில் பழைய தொடரை அடியோடு நீக்க வேண்டியதில்லை. அதைத் தேடி வருவோரைப் ‘பரிணாமம் காண்க’ என்று வழிப்படுத்தினால் போதும்.

கூனிய குரங்கு ஒன்று இடப்புறம் தொடங்கி, படிப்படியாக நிமிர்ந்து, வலப்புறம் வேலேந்திய மனிதனாக முடியும் வரிசைப் படத்தையும் அடுத்த பதிப்பிலாவது எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ஒரே அடிமரத்திலிருந்து பிரியும் கிளைகளின் நுனிகளில் மனிதர், சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான், கிப்பன் ஆகிய ஐந்தையும் ஒரே மட்டத்தில் காட்டும் வரைபடத்தை அச்சிடுங்கள். எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்ற தோராய ஆண்டுகளைக் கணுக்களில் குறித்துவிட்டால், ‘எந்தக் குரங்கிலிருந்து மனிதன் வந்தான்?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவை எவரும் கேட்கவே முடியாது. ‘இவற்றுள் நமக்கு மிக நெருங்கிய உறவு எது, அதை எப்படி அறிவீர்?’ என்று கேட்க வேண்டிவரும். விடைக்குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கும் இந்த மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டுகிறேன். ‘பரிணாமம்’ என்று மட்டும் எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
தமிழில் அறிவியல் படிக்கும் வாசகர் ஒருவர்